ரைட் கியரும் ஆர்.சி. புக்கும்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள் அந்த வண்டியை. 1996 மாடல் ஸ்டாண்டர்டு புல்லட். ரைட் கியர். டேங்கில் கையால் இழுத்த தங்கக் கோடு. புரோக்கர் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து காட்டினார். எனக்கு அப்போதே மனசு விழுந்துவிட்டது. கூட வந்த மெக்கானிக் அண்ணன் இன்ஜின் சத்தத்தைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்தார். சேசிஸ் நம்பர் குத்திய இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தார். அடுத்து கிராங்க் கேஸ். இரண்டு பிரிண்டையும் ஆர்.சி. ஜெராக்ஸோடு ஒப்பிட்டார். சேசிஸ் சரியாக இருந்தது. இன்ஜின் நம்பரில் கடைசி மூன்று இலக்கம் வேறு.

"சார், டீ சாப்ட்டு கெளம்பலாம்" என்றார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அதற்கு அடுத்த வருஷம் ஒரு பழைய தண்டர்பேர்ட் வாங்கினேன். இன்னும் அதைத்தான் ஓட்டுகிறேன். இதற்கிடையில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நண்பர்களுக்காக நான் போய்ப் பார்த்த வண்டிகள் முப்பதுக்குக் குறையாது. அவற்றில் வாங்கலாம் என்று சொன்னது ஐந்தோ ஆறோ. வேண்டாமென்று திரும்பியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்ஜின் காரணமில்லை. இரும்பில் வரும் குறையை இந்தப் பக்கத்தில் எப்படியாவது சரிசெய்துவிடலாம். தாளில் வரும் குறையைச் சரிசெய்வதற்குள் ஆள் ஓய்ந்துவிடுவான். வாங்கப் போகிறவர்களோ தங்கள் கவனம் முழுவதையும் இரும்பின் மேல்தான் வைக்கிறார்கள்.

எந்த வண்டி?

க்ரூசர் என்ற சொல் நமக்கு ஹார்லி டேவிட்சன் படங்களோடு வந்தது. தாழ்ந்த சீட், ஓட்டுபவர் பக்கமாக வளைந்து வரும் ஹேண்டில்பார், முன்னால் நீட்டிய கால். அந்தக் கணக்குப்படி பழைய புல்லட் க்ரூசரே அல்ல. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் பழைய பிரிட்டிஷ் வண்டி. ஆனால் நம் தெருக்களில் யாரும் இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக, 'டப் டப்' என்று போகும் கனத்த வண்டி எல்லாமே ஒரே ரகம். நானும் இங்கே அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

புல்லட்டின் பிறந்த ஊர் இங்கிலாந்தின் ரெடிச் என்றாலும் வளர்ந்த ஊர் வடசென்னையின் திருவொற்றியூர். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்தில் எல்லாப் பாகமும் இங்கேயே தயாரானது. ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. பத்து வருஷம் கழித்து, 1977இல், திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. 1994இல் கம்பெனி ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. இத்தனை மாற்றத்துக்கு நடுவிலும் இன்ஜினின் அடிப்படை மாறவில்லை: 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி., வார்ப்பிரும்பு சிலிண்டர், நான்கு கியர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இதைத்தான் 'காஸ்ட் அயர்ன்' என்றும் 'ரைட் கியர்' என்றும் சொல்லி இன்று அதிக விலை கேட்கிறார்கள்.

அடுத்தது ஏ.வி.எல். இன்ஜின். அதே பெயருள்ள ஆஸ்திரிய நிறுவனத்தின் உதவியோடு வடிவமைத்தது, அலுமினிய சிலிண்டர். 2002இல் வந்த தண்டர்பேர்டில் இதுதான் இருந்தது, ஐந்து கியரோடு. நம் ஊரில் ஓரளவு எண்ணிக்கையில் ஓடிய முதல் உள்நாட்டு க்ரூசர் என்று இதைச் சொல்லலாம். 2008க்குப் பிறகு படிப்படியாக யூ.சி.இ. இன்ஜின் வந்தது, கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒரே கூட்டுக்குள் போயின. டாப்பெட் சரிசெய்யும் வேலை ஒழிந்தது; அதோடு பழைய சத்தமும் போயிற்று என்பார்கள். 2012இல் இருபது லிட்டர் டேங்கோடு புது தண்டர்பேர்ட். 2020இல் அந்தப் பெயரே நின்றுபோய் மீட்டியர் 350 வந்தது.

மற்றவை சில்லறைதான். 2001இல் பஜாஜ் கொண்டுவந்த 175 சி.சி. எலிமினேட்டர், 2002இல் யமஹாவின் 125 சி.சி. என்டைசர், 2005இல் தொடங்கிய அவெஞ்சர். இவற்றில் அவெஞ்சர் மட்டும் இன்றைக்கும் பயமில்லாமல் வாங்கக்கூடியது. என்டைசர் பார்க்க அழகாக இருக்கும். அதற்கு ஒரு சைடு பேனல் தேடி நண்பர் ஒருவர் அலைந்த அலைச்சலைப் பார்த்த பிறகு அந்த அழகு எனக்குத் தெரிவதில்லை. ஹார்லி 2020இல் இந்தியாவில் தனிக்கடையை மூடிவிட்டு ஹீரோவோடு சேர்ந்தது. பழைய ஸ்ட்ரீட் 750 மலிவாக வருகிறதே என்பவர்கள் முதலில் ஒரு கிளட்ச் பிளேட் செட்டின் விலையையும் அது வந்து சேரும் நாளையும் விசாரித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

எஸ்டேட்டின் கை

பழைய வண்டி வைத்துக்கொள்ளச் சென்னையில் இதைவிட நல்ல இடம் கிடையாது. இது ஊர்ப்பற்றில் சொல்வதல்ல. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகிய நான்கும் 1960களிலேயே வேரூன்றியவை. அதற்கு முன்பே, 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில். பின்னால் டி.ஐ. டைமண்ட் செயின், டன்லப் டயர் ஆலை, 1960களில் உருவான, நாங்கள் எஸ்டேட் என்று சொல்லும் தொழிற்பேட்டை. ஆவடியில் 1965இல் விஜயந்தா டாங்கியை உருட்டிவிட்ட கனரக வாகனத் தொழிற்சாலை. இந்த ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்யத் தெருவுக்கு நாலு லேத் முளைத்தது. அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் டர்னர், ஃபிட்டர் படித்தவர்கள், ஷிப்டு முடிந்து வந்து வீட்டு வாசலில் ஒரு சின்ன மெஷினைப் போட்டவர்கள், ஓய்வு பெற்றும் கை ஓயாதவர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே இங்கே இருக்கிறது.

அந்தக் கை என்ன செய்யும் என்பதை ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நண்பரின் காஸ்ட் அயர்ன் புல்லட்டில் அடியிலிருந்து 'லொடக் லொடக்' சத்தம். கனெக்டிங் ராடின் பிக் எண்ட் புஷ் தேய்ந்துவிட்டது. கிராங்க்கைப் பிரித்துப் புதுப் பின்னும் புஷ்ஷும் போட்டு மறுபடி அழுத்தியாகிவிட்டது. இனி இரண்டு ஃப்ளைவீலும் ஒரே நேர்கோட்டில் சுழல வேண்டும். எஸ்டேட்டுக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே, அறுபதைத் தாண்டிய ஒருவர் கிராங்க்கை லேத்தின் இரண்டு சென்டருக்கு நடுவே ஏற்றி, டயல் கேஜை வைத்தார். கையால் மெல்லச் சுற்றினார். முள் எட்டுக் கோடு ஆடியது. ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. சாக்பீஸால் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, செம்புச் சுத்தியால் ஒரே ஒரு தட்டு. மறுபடி சுற்றினார். ஐந்து கோடு. இன்னொரு பக்கம் ஒரு தட்டு. பேச்சே இல்லை. முக்கால் மணி நேரத்தில் முள் இரண்டு கோட்டுக்குள் நின்றது. "இனி தொரத்தாதீங்க. எண்பதுக்கு மேல இந்த வண்டிக்கு வேலை இல்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அவர் கேட்ட கூலி, புது வண்டி சர்வீஸ் சென்டரில் ஒரு வாட்டர் வாஷுக்கும் ஆயில் சர்வீஸுக்கும் வரும் பில்லைவிடக் குறைவு.

உதிரிபாகமும் அப்படித்தான். புதிதுக்கு ஜி.பி. ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. இரண்டுமே ஒரு மணி நேரத் தூரம். இங்கிலாந்தில் ஹிட்ச்காக்ஸ் என்ற ஒரு கடையே பழைய என்ஃபீல்டு பாகங்களுக்காக நடக்கிறது. அங்கிருந்து வரவழைப்பவர்களும் உண்டு. எனக்கு அது தேவைப்பட்டதில்லை. ஜி.பி. ரோட்டில் ஒரே பாகம் மூன்று விலையில் இருக்கும். நடு விலையைக் கேட்டால் பெரும்பாலும் ஏமாற்றம் இல்லை. கிளட்ச் கேபிளிலும் கண்டன்சரிலும் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். அவை வீட்டு வாசலில் ஒருநாளும் மக்கர் செய்யாது. நசரத்பேட்டை தாண்டி அவுட்டர் ரிங் ரோட்டில்தான் செய்யும்.

ஆனால் இதே கைதான் சிக்கலும். எதையும் செய்து தரும் ஊரில் எது அசல் என்று யாரும் சொல்ல முடியாது. 1970களின் டேங்கை 1990களின் வண்டியில் மாட்டி 'ஓல்டு மாடல்' என்று விற்கிறார்கள். லெஃப்ட் கியர் வண்டியின் சேசிஸில் ரைட் கியர் இன்ஜின் ஏறியிருக்கும். சிலிண்டரைப் போர் செய்யத் தெரிந்த இடத்துக்கு அடுத்த கதவில் நம்பர் குத்தவும் தெரிந்திருக்கும். பூந்தமல்லியில் நான் பார்த்த வண்டி திருட்டு வண்டி என்று சொல்லமாட்டேன். யாரோ ஒருவர் இன்ஜின் உடைந்ததும் புதுப்பேட்டையிலிருந்து வேறொன்றை வாங்கி மாட்டியிருக்கலாம். இன்ஜினை மாற்றினால் பில்லோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. செய்வதில்லை. அந்தச் சோம்பேறித்தனம் மூன்றாவது ஓனரான உங்கள் தலையில் விடியும்.

ஆவடிப் பக்கம் இன்னொரு கதை ஓடும்: "இது மிலிட்டரி டிஸ்போசல் சார்." ராணுவம் கழித்துக்கட்டும் வண்டிகள் ஏலத்துக்கு வருவது உண்மை. ஏலத்தில் எடுத்ததற்கான தாளும் விடுவிப்புக் கடிதமும் இருந்தால்தான் அது டிஸ்போசல் வண்டி. இல்லையென்றால் பச்சைப் பெயின்ட் அடித்த வண்டி.

தாள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தனியார் இரு சக்கர வண்டியின் பதிவு 15 வருஷத்துக்கு. அதன் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். வண்டியை நேரில் கொண்டுபோய்ப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும்; பசுமை வரி கட்ட வேண்டும். புதுப்பிக்கும் மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 வருஷத்தைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு 2,000. டெல்லியில் 15 வருஷத்தைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த தடையை வைத்து இங்கேயும் பயமுறுத்தி விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள். விற்கிறவர்கள் அதற்கு மசிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அப்படித் தடை இல்லை. 50 வருஷத்தைத் தாண்டியதற்கு 2021 முதல் 'விண்டேஜ்' பதிவு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டக்கூடாது. எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போக நினைப்பவருக்கு அது பயன்படாது.

வாங்கும் முன் மொபைலிலேயே வாகன் தளத்தில் நம்பரைப் போட்டுப் பார்த்துவிடலாம். எத்தனையாவது ஓனர், ஆர்.சி. எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் உண்டா, ஃபைனான்ஸ் இருக்கிறதா என்று தெரியும். நம்பரே அதில் வரவில்லை என்றால், அது கைப்பட எழுதிய பழைய ஆர்.சி. புக் காலத்து வண்டி, கம்ப்யூட்டரில் ஏற்றப்படவில்லை. அதை முதலில் பதிந்த அலுவலகத்திலேயே ஏற்றித்தர வேண்டும். டி.என். 13 அம்பத்தூர், டி.என். 12 பூந்தமல்லி என்றால் பக்கத்தில் முடிந்துவிடும். மூன்று எழுத்தில் தொடங்கும் பழைய நம்பரோடு, மதுரையிலோ நெல்லையிலோ பதிந்தது என்றால், அந்த வேலையை விற்பவரே முடித்துத் தரட்டும். "நீங்க பாத்துக்கோங்க சார், ஆயிரம் ரெண்டாயிரம்தான் ஆகும்" என்ற பேச்சை நம்பவே கூடாது.

என் தண்டர்பேர்டில் நான் மாட்டிக்கொண்டது ஃபைனான்ஸில். பட்டாபிராமில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் ஓய்வு பெற்ற ஒருவரிடம் வாங்கினேன். ஒரே ஓனர், தங்கமான மனிதர், வண்டியைக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். கடன் கட்டி முடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரை அடிக்கவே இல்லை. அடிக்கப் படிவம் 35 வேண்டும், கம்பெனியின் என்.ஓ.சி. வேண்டும். அந்தக் கம்பெனி இன்னொன்றோடு சேர்ந்து, அலுவலகம் இரண்டு முறை இடம் மாறியிருந்தது. பழைய கணக்கைத் தேடி எடுத்து ஒரு தாளில் சீல் குத்தி வாங்க எனக்கு ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் வண்டி அவர் பெயரிலேயே என் வாசலில் நின்றது. அவர் வாரம் ஒரு முறை போன் செய்து, "தம்பி, எங்கயாவது இடிச்சிடலையே?" என்று கேட்பார். கேட்பதில் நியாயம் இருந்தது. பெயர் மாறாத வரை வழக்கு அவர் வாசலுக்குத்தான் போகும். விற்றவர் படிவம் 29ஐக் கொடுத்துவிட்டோம் என்று இருக்கிறார், வாங்கியவர் படிவம் 30ஐ மேசை டிராயரில் வைத்திருக்கிறார். இப்படி ஓடும் வண்டிகள் இந்த ஊரில் எத்தனையோ.

இன்னொன்று, அப்பாவின் வண்டி. ஓனர் இறந்துவிட்டால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31 வழியாக மாற்றிவிட்டுத்தான் விற்க முடியும். வாரிசுகள் மூன்று பேர் என்றால் மூவரும் சம்மதிக்க வேண்டும். திருமுல்லைவாயலில் நான் பார்த்த வண்டிகளிலேயே மிகச் சிறந்த புல்லட், அண்ணன் தம்பி இருவர் பேசிக்கொள்ளாததால் இன்றும் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

இன்சூரன்ஸில் ஒரு சின்ன ஆதாயம் உண்டு. 2022இல் அறிவித்த மூன்றாம் நபர் பிரீமியம் 150 முதல் 350 சி.சி. வரை 1,366 ரூபாய்; 350க்கு மேல் 2,804. பழைய 346 சி.சி. வண்டி நாலு சி.சி.யில் தப்பித்துக்கொள்கிறது.

இன்ஜின்

தாள் சரியென்றால் மட்டும் கிக்கரைத் தொடுங்கள். நீங்கள் போகும்போது இன்ஜின் சூடாக இருந்தால், ஏற்கெனவே ஒருமுறை பாடுபட்டு ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நாளைக் காலை வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

காஸ்ட் அயர்ன் புல்லட்டை உதைக்க ஒரு முறை இருக்கிறது. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஆம்பியர் மீட்டர் முள் ஓர் இடத்தில் நடுவுக்கு வந்து நிற்கும். அங்கே டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக் கிக்கரை இரண்டு விரல் அளவு தள்ளி, லிவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் கனம் முழுவதையும் வைத்து ஒரே உதை. இப்படிச் செய்தும் கணுக்காலைத் திருப்பி அடிக்கிறது என்றால் டைமிங் தப்பு. அது சின்ன வேலை. நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் ரிங்கோ வால்வ் கைடோ போயிருக்கும். அது பெரிய வேலை, ஆனால் இந்த ஊரில் முடியாத வேலை அல்ல. ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டை ஓடும்போது கொஞ்சம் தளர்த்தினால் எண்ணெய் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் உடனே அணைக்கச் சொல்லுங்கள்.

ஒரு நுட்பம். இந்த இன்ஜின் ஒரு மாதம் ஓடாமல் நின்றால், எண்ணெய் அதன் அறையிலிருந்து மெல்ல இறங்கிக் கிராங்க் கேஸுக்குள் தேங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் தெருவே புகையாகும். நாலு நிமிஷத்தில் தானாகத் தெளியும். அதைப் பார்த்து வண்டியைக் கழித்துவிடாதீர்கள். தெரியாத ஓனர்கள் குச்சியை விட்டுப் பார்த்து, எண்ணெய் குறைந்துவிட்டதென்று மேலும் அரை லிட்டர் ஊற்றுவார்கள். அப்புறம் எங்கே பார்த்தாலும் லீக். ஏ.வி.எல். வண்டிகளில் செல்ஃப் ஸ்டார்ட்டின் ஸ்ப்ராக் கிளட்ச் பலவீனமான இடம். பட்டனை அழுத்தும்போது 'கடகட' என்று வழுக்கினால் அதற்கான தொகையை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். நான் பட்டனை மறந்து கிக்கருக்கே வந்துவிட்டேன்.

இந்த வட்டாரத்துக்கே உரிய சோதனை வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எஸ்டேட், கொரட்டூர், ஆவடித் தெருக்களில் எத்தனை வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஹெட்லைட் கிண்ணத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள். வண்டல் ஒட்டினால் அது மூழ்கிய வண்டி. வயரிங் முழுதும் மாற்ற வேண்டியிருக்கும்.

வைத்திருப்பது

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் ரப்பர் குழாயும் கார்புரேட்டர் வாஷரும் இதற்காகச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி டேங்கோடு மழைக்காலத்தில் நிறுத்தினால் உள்ளே துரு, ஜெட்டில் வெள்ளைப் பொடி. பெட்ரோல் குழாயை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். இரண்டு வாரம் ஓட்டமாட்டேன் என்று தெரிந்தால் கார்புரேட்டரை வடித்துவிடுகிறேன்.

சைலன்சரை மாற்றி ஊரை எழுப்புவதைப் பற்றி: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது, அபராதம் 5,000 ரூபாய் வரை போகும். சட்டத்தை விடுங்கள். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டு வாசலில் அதைச் செய்பவருக்குப் பழைய வண்டி வைத்திருக்கும் தகுதி இல்லை என்பது என் கருத்து.

செலவுக்கு என் கணக்கு: வாங்கிய விலையில் கால் பங்கு முதல் வருஷத்திலேயே போனது. அதன் பிறகு ஆறு வருஷம் எண்ணெய், டயர், பிரேக் ஷூ தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. 2025 செப்டம்பரில் 350 சி.சி. வரையிலான புது வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. தினமும் அலுவலகம் போய்வர ஒரு கனத்த வண்டி வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸ் படக்கூடாது என்பவர் புதியதையே வாங்கட்டும். பழசில் இரண்டாவது வண்டியாக வைக்க நினைப்பவருக்கு, 2010க்குப் பிறகு வந்த யூ.சி.இ. தண்டர்பேர்டைச் சொல்வேன். ரைட் கியர் காஸ்ட் அயர்ன், நல்ல மெக்கானிக் பத்துத் தெருவுக்குள் இருப்பவருக்கு மட்டும்.

எதுவானாலும், ஒரிஜினல் ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் பார்த்து, சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் நீங்களே பென்சில் பிரிண்ட் எடுக்கும் வரை டோக்கன் அட்வான்ஸ் என்று நூறு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.